எதிர்க்கரை ஒயின்

பூஞ்சை பிடித்த திராட்சையை உலகம் குப்பையில் கொட்டும். பிரான்சில், போர்தோவுக்குத் தெற்கே சோதேர்ன் வட்டாரத்தில் அதற்காகத் தவம் கிடப்பார்கள். சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் நதியில் கலக்குமிடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பூஞ்சை படியும், பழம் வற்றும், சர்க்கரை திரளும். கூலியாட்கள் அழுகலைப் பார்த்துப் பார்த்துப் பல தவணைகளில் பறிப்பார்கள். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை இனிப்பு ஒயின்தான் என்பது ஷாத்தோ திக்கெம் தோட்டத்தின் பெருமை. போர்தோ ஒயின்களின் 1855 தரவரிசையில் அதற்கு மட்டும் தனிப் பீடம். 1811ஆம் ஆண்டுப் புட்டி ஒன்று 2011இல் 75,000 பவுண்டுக்கு விலைபோனது. அந்தப் பணத்தை வேறு எதிலாவது போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்கும்.

கரோனின் எதிர்க்கரையில் லூப்பியாக் இருக்கிறது, சேந்த் குருவா து மோன் இருக்கிறது. அதே நதி, அதே செமியோன் திராட்சை, அதே பூஞ்சை. விலையோ பல மடங்கு குறைவு. பூஞ்சைக்குப் படிப்பறிவில்லை, 1855 பட்டியலை யாரும் அதற்கு வாசித்துக் காட்டவில்லை போலும். சுவையில் அடர்த்தி சற்றுக் குறைவு என்று நாக்கு முனகும், பர்ஸ் முனகாது. கிழக்கே தோர்தோஞ் பக்கம் மோன்பசியாக் என்றொரு தங்கையும் உண்டு. ஸ்பெயினின் வலென்சியா மொஸ்காத்தெல் ஒயின் இன்னும் மலிவு. அதற்குப் பூஞ்சையின் தயவே வேண்டாம். விருந்தாளிக்கு ஊற்றும்போது மட்டும் லேபிளைத் துண்டால் மூடிவிடுங்கள். நிபுணர்களும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள்.