குதிகாலிடம் பேரம் பேசுவது எப்படி?

ஜனவரியில் சென்னை மாரத்தான். பணம் கட்டியாயிற்று, டி-ஷர்ட் சைஸும் சொல்லியாயிற்று. நேரம் பார்த்துக் குதிகாலில் வலி. விவரம் தெரியாதவர்கள் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். 42.195 கிலோமீட்டரையும் ஓடியே தீருவது என்றிருப்பவர்களுக்கு மட்டும் கீழ்க்கண்ட வழிமுறைகள்.

1. காரணத்தை வெளியே தேடுங்கள்

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. தாங்க முடியாத சுமையைத் திடீரென்று ஏற்றினால் அது குதிகாலில் பற்றியிருக்கும் இடத்தில் நோகும். வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரே மாதத்தில் 50-க்குத் தாவியதை இத்துடன் முடிச்சுப் போடாதீர்கள். ஷூ சரியில்லை, கடற்கரைச் சாலை சரிவாக இருக்கிறது, போன வாரம் போட்ட படத்துக்கு விழுந்த திருஷ்டி என்று எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன.

2. காலையில் முடிவெடுக்காதீர்கள்

கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில்தான் இந்த வலி உச்சத்தில் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை போய்விடுங்கள். கொஞ்சம் நடந்ததும் குறைந்துவிடும். உடனே ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டில் அறிவியுங்கள். சாயங்காலம் அது திரும்பி வரும்போது அன்றைய ஓட்டம் ஸ்ட்ராவா செயலியில் ஏறியிருக்கும்.

3. டாக்டரை மாற்றிக்கொண்டே இருங்கள்

முதல் டாக்டர் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வார். அவருக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? ஓடுகிற டாக்டராகப் பாருங்கள். ‘ஓடலாமா?’ என்று கேட்காமல், ‘மெதுவாத்தான் ஓடுவேன் டாக்டர்’ என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். பெருமூச்சு விட்டால் அனுமதி என்று பொருள். எக்ஸ்ரேயில் குதிகால் முள் தெரிந்தால் அதிர்ஷ்டம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும் என்றாலும், உறவினர்களிடம் காட்ட அருமையான படம்.

4. விலை கொடுத்து வாங்குங்கள்

விரல்களுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, படிக்கட்டு விளிம்பில் நின்று, ஒற்றைக்காலில் மெதுவாக எக்கி இறங்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள், மாதக்கணக்கில் செய்ய வேண்டும். செலவில்லாதது, பலன் தருவது, அலுப்பூட்டுவது. ஆகவே இரண்டு நாள் போதும். பிறகு நீல நிற டேப், ஜெல் பேட், மசாஜ் துப்பாக்கி என்று வரிசையாக வாங்குங்கள். வலி குறையாவிட்டாலும் முயற்சி கண்ணுக்குத் தெரியும்.

5. வரலாற்றைத் துணைக்கு அழையுங்கள்

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அங்கும் உலக சாதனையோடு ஜெயித்தார். ஓய்வைப் பற்றி யார் வாயெடுத்தாலும் இதைச் சொல்லுங்கள். அவர் பிகிலா என்பதையும், கோளாறு குடல்வாலில்தான், குதிகாலில் அல்ல என்பதையும் வலியுறுத்தத் தேவையில்லை.

6. மாத்திரையை நம்புங்கள்

வலி மாத்திரை போட்டு ஓடினால் வலி தெரியாது. காலுக்குள் என்ன கிழிகிறது என்பதும் தெரியாது. சென்னைப் புழுக்கத்தில் உடம்பில் நீர் வற்றுகிற நேரம் பார்த்துச் சிறுநீரகமும் பேரத்துக்கு வந்து உட்காரும். அது குதிகால் மாதிரி இறங்கிவருகிற ஆள் இல்லை.

7. போட்டி நாள்

விடியுமுன் நேப்பியர் பாலத்தருகே நிற்பீர்கள். உடம்பு சூடேறியதும் முதல் சில கிலோமீட்டருக்கு வலி காணாமல் போகும். இத்தனை மாதம் நீங்கள் சொன்னதெல்லாம் சரி என்று நிரூபணமாகிவிட்டது. பாதித் தூரம் தாண்டியதும் அது வட்டியோடு வரும். பாரத்தை அடுத்த காலுக்கு மாற்றுங்கள். அந்த முழங்காலும் தன் பங்கைக் கேட்கும். கொடுங்கள். முடித்தால் மெடலோடு படம், இடுப்புக்கு மேலே மட்டும்.

8. அனுபவத்தைப் பகிருங்கள்

மறுநாள் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி, ‘குதிகால் வலிக்குதுண்ணா, ஓடலாமா?’ என்று கேட்பான். ‘ஓட்டத்தைக் குறை, அந்தப் படிக்கட்டுப் பயிற்சியை விடாம செய், அவசரப்படாதே, போட்டி அடுத்த வருஷமும் வரும்’ என்று பொறுமையாக எழுதுங்கள். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.