தம்பட்டத்தின் புதுப் பெயர்

முன்பெல்லாம் இதைத் தம்பட்டம் என்பார்கள். 1997இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர், ஒவ்வொருவரும் தம்மையே ஒரு பிராண்டாக நினைக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். இப்போது அதற்குப் பெயர் 'பர்சனல் பிராண்டிங்'. ஃபீஸ் வாங்கிக்கொண்டு கற்றுத்தருகிறார்கள்.

நானும் எழுதுகிறேன். எழுத ஒரு மணி நேரம், பரப்ப மூன்று நாள். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற கேள்விக்கும் அதற்கான பதிலுக்கும் நடுவே என் கட்டுரையைச் செருகினேன். விழுந்த ஒரே கட்டைவிரல் லாரிக்கானது என்று பிறகு தெரிந்தது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். என் புகழின் பரப்பளவு அன்றைக்குப் புரிந்தது. சித்தப்பா மட்டும் தவறாமல் 'அருமை' போடுவார், அனுப்பிய நான்காவது விநாடியில்.

தம்பட்டம் அடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் கவிதைத் தொகுப்புக்குத் தானே, பெயர் போடாமல், மதிப்புரைகள் எழுதிக்கொண்டார். புகழ்பெற்ற எழுத்தாளர் எமர்சன் தனக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு பாராட்டு வரியை உருவி, அவரைக் கேட்காமலே, அடுத்த பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்தார். என்ன, அவரிடம் கவிதையும் இருந்தது.

என்னிடம் சித்தப்பாவின் 'அருமை' இருக்கிறது. படித்தவர்கள் தயவுசெய்து ஐந்து பேருக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். ஒரே தடவையில் அதற்குமேல் வாட்ஸ்அப் விடாது.