தோனியின் சித்தப்பா

பெரம்பூரில் எங்கள் குடியிருப்புக்கு வந்து அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேன் உதட்டைப் பிதுக்குவார். ‘தோனி சித்தப்பா’ என்றால் லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து பட்டனை அமுக்கிவிட்டுப் போவார். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஞ்சிப் பக்கம் போனதே இல்லை. தோனியை நேரில் பார்த்தது சேப்பாக்கத்தில், மேல் வரிசையிலிருந்து. முதுகில் 7 என்று எழுதியிருந்ததால் ஆள் யாரென்று தெரிந்தது. ஆனால் பேச்சைக் கேட்டால், அந்தப் பையனின் காதுகுத்துக்குப் பந்தல் போட்டவரே இவர்தான் என்று நினைப்பீர்கள்.

“முட்டிதான் அவனுக்கு எமன்” என்பார், காபியை ஆற்றிக்கொண்டே. 2023 ஐ.பி.எல். முடிந்த கையோடு மும்பையில் தோனிக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வாரம் முழுக்க சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கை வாங்கி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு ஒரு மண்டலம் சூப் குடித்தால் கத்தி வைக்கவே வேண்டாம் என்பது அவர் கட்சி. “யாரு எடுத்துச் சொல்றது? சுத்தி இருக்கறதெல்லாம் ஆமாஞ்சாமிங்க” என்று வருத்தப்பட்டார். அந்த சூப்பைச் சித்திக்கு வைத்துக் கொடுத்தாரா என்று கேட்காதீர்கள். சித்தியின் முட்டி இந்திய அணிக்காக ஆடியதில்லை.

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1956இலேயே இந்தக் கூத்தை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். டிவியில் ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசப் பேச, வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் தன்னிடமே பேசுகிறார் என்று பட்டுவிடுகிறது. நாள்பட நெருங்கிப் பழகியவராகவே ஆகிவிடுகிறார். அந்தப் பக்கத்துக்கோ இவர் ஒருவர் இருப்பதே தெரியாது. சென்னைக்கு டிவி வரவே 1975 ஆகிவிட்டது. ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்று என்றோ தனியாக எடுத்து வைத்த ஊர் இது என்றாலும், முழங்கால் கவலையைத் தொல்காப்பியர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அந்த அமெரிக்கர்கள் அதிகம் கவனித்தது வாய் ஓயாத நிகழ்ச்சித் தொகுப்பாளர்களை. சித்தப்பாவுக்கு வாய்த்தவரோ அளந்து பேசுகிற ஆள். போனைத் தொடவே மாட்டாராம். இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ரவி சாஸ்திரியே தன்னிடம் தோனியின் நம்பர் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி வந்த அன்று சித்தப்பா முகத்தில் தனிக் களை. சாஸ்திரியிடமும் இல்லை, இவரிடமும் இல்லை; ஆக இருவருக்கும் ஒரே அந்தஸ்து. தோனி சொல்லாமல் விட்டதை எல்லாம் சித்தப்பா சொல்லி நிரப்புவார். தோனியே வாய் திறந்தால்தான் சிக்கல்.

பாலில் அதுதான் நடந்தது. தோனி தினமும் ஐந்து லிட்டர் பால் குடிக்கிறார் என்ற கதையைச் சொல்லிச் சொல்லியே பேரனுக்கு டம்ளர் டம்ளராகப் புகட்டி வந்தார் சித்தப்பா. கடைசியில் தோனியே ஒரு நிகழ்ச்சியில், அதெல்லாம் கட்டுக்கதை என்று சிரித்துக்கொண்டே போட்டு உடைத்துவிட்டார். பேரன் அந்த வீடியோவைக் கொண்டுவந்து தாத்தாவின் மூக்குக்கு நேரே நீட்டினான். சித்தப்பா அசரவில்லை. “வெளிய அப்படித்தான்டா சொல்லுவான். கண்ணு பட்டுடும்ல? நீ குடி.”

நடிகர் அஜித் 2021 டிசம்பரில் தன்னைத் ‘தல’ என்று அழைக்க வேண்டாம் என்று அறிக்கை விட்டபோது, அந்தப் பட்டத்துக்கு இனி தோனி ஒருவரே சொந்தக்காரர் என்று, வில்லங்கம் தீர்ந்து பட்டா கைக்கு வந்தவர் மாதிரி சித்தப்பா மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தார். சென்னை அணி தடையில் இருந்த 2016, 2017 பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குரலைத் தாழ்த்திவிடுவார்: “அவன் பூனாவுல கஷ்டப்பட்டப்போ...”

மனஸ்தாபமும் வந்ததுண்டு. 2020 ஆகஸ்ட் 15 மாலை, சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக தோனி இன்ஸ்டாகிராமில் போட்டார். சித்தப்பாவுக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது. வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. “நமக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்று சாய்வு நாற்காலியில் சரிந்தவர், இரண்டு நாள் தோனியோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. தோனி எப்படியோ தாங்கிக்கொண்டார்.

2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியை சித்தப்பா வீட்டில்தான் பார்த்தேன். மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போன ஆட்டம். யார் எங்கே உட்கார்ந்திருக்கும்போது ரன் வந்ததோ அங்கேயே அசையாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் செருப்பு ஸ்டாண்டு மேல் இருந்தேன். சித்தி தண்ணீர் குடிக்க எழுந்த அந்த நொடியில் தோனி முதல் பந்திலேயே அவுட். ஸ்கோர் போர்டில் அந்த விக்கெட் மோஹித் சர்மா கணக்கில் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் சித்தி கணக்கில். நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டிய நிலையில் அதே மோஹித்தை ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தார். தோனி அப்போது வெளியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததை டிவியில் காட்டினார்கள். “பாத்தியா, நானும் மூடிட்டிருந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே குணம்” என்றார் சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் மூடியிருந்தது உண்மை. தூங்கினார் என்பது சித்தியின் வாக்குமூலம்.

போன சீசனில் மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் வந்து, அணி தங்கும் ஹோட்டலில் தன் நண்பன் வேலை பார்க்கிறான், லாபியில் நின்றால் ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம், போட்டோகூட எடுக்கலாம் என்றான். சித்தப்பாவுக்கு வேர்த்துவிட்டது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். சித்தி இஸ்திரி போட்ட வேட்டியை எடுத்து வரப் போனார். சித்தப்பா தடுத்துவிட்டார்.

“வேணாம்டா தம்பி. நாளைக்கு மேட்ச்சை வெச்சுக்கிட்டிருக்கான். நான் போய் நின்னா அவனுக்குக் கவனம் சிதறும்.”