நெடுமீனும் வட்டத் தீயும்: மலைத் தவா குறித்த ஓர் ஆராய்ச்சி

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், உயரத்தில் உள்ள ஏரிகளில் பெரும்பாலானவற்றில் ஆதியில் மீனே கிடையாது. இன்று அங்கே துள்ளும் ட்ரவுட் எல்லாம் மனிதர் கொண்டுபோய் விட்டவற்றின் வழித்தோன்றல்கள். 1876-இல் மரம் அறுக்கும் ஆலைக்காரர் ஒருவர் முல்கி ஓடையின் தங்க ட்ரவுட் சிலவற்றைக் காப்பிக் கெண்டியில் போட்டுத் தூக்கிப்போய்க் காட்டன்வுட் ஓடையில் விட்டார் என்பது அம்மலையின் மீன் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. மீனை மலையேற்றியது சமையல் பாத்திரம் என்றால், அதே மீனைப் பொரிக்க எந்தப் பாத்திரத்தை மலையேற்றுவது என்பது அற்பக் கேள்வி ஆகாது. ஆனால் முதுகுப்பை தூக்கும் அறிஞர் பெருமக்கள் இதை வெறும் எடைக் கணக்காகச் சுருக்கிவிட்டார்கள். எத்தனை கிராம் என்பதோடு அவர்கள் ஆராய்ச்சி முடிகிறது. தவாவைத் தராசில் வைத்துத் தேர்வது பிழை. அதன் உலோகத்தில் சூடு பக்கவாட்டில் எவ்வளவு ஓடும் என்று பார்த்தே தேர வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சிக்கலின் வேர் வடிவ கணிதத்தில் இருக்கிறது. மீன் நீளம், தீ வட்டம். ஏரியில் சிக்கும் ட்ரவுட் ஒரு சாண் முதல் 25 செ.மீ. வரை இருக்கும். முதுகுப்பையில் போகும் எரிவாயு அடுப்போ உள்ளங்கைக்குள் அடங்குவது. அதன் தீ தவாவின் நடுவயிற்றை மட்டும் தொடும். பழைய காலத்தில் இந்தப் பூசல் இல்லை. 1920-இல் டொரொன்டோ ஸ்டார் நாளிதழில் முகாம் சமையலைப் பற்றி எழுதிய எர்னஸ்ட் ஹெமிங்வே, எரியும் சுவாலையில் வைத்தால் மீன் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், தணலில்தான் பொரிக்க வேண்டும் என்று கண்டித்தே சொன்னார். தணல் அகலமானது, தலைக்கும் வாலுக்கும் ஒரே சூட்டைக் கொடுக்கும். ஆனால் இம்மலைத்தொடரின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 9,600 அடிக்கு மேல் விறகுத் தீ மூட்டத் தடை இருக்கிறது. விறகு இல்லாத இடத்தில் தணல் ஏது? ஆகவே தணல் செய்த வேலை முழுவதும் தவாவின் தலையில் வந்து விடிகிறது. சட்டம் உலோகவியலுக்குள் நுழைந்த இடம் இது; உரையாசிரியர்கள் ஏனோ கவனிக்கவில்லை.

இனிக் கணக்கு. 20 செ.மீ. விட்டமுள்ள தவாவின் அடிப்பரப்பு 314 சதுர செ.மீ. அதை அரை மில்லிமீட்டர் டைட்டானியத்தில் செய்தால் அடித்தகடு மட்டும் சுமார் 70 கிராம். ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத்தில் செய்தால் சுமார் 127 கிராம். வித்தியாசம் 60 கிராமுக்குள். இதற்காகத்தான் இவ்வளவு வாதம், இவ்வளவு விலை. ஆனால் டைட்டானியத்தின் வெப்பக் கடத்துதிறன் 22 வாட் அளவில் நிற்க, சமையல் பாத்திர அலுமினியக் கலவைகளுக்கு அது பொதுவாக 160 அளவில் இருக்கும். தடிமனையும் சேர்த்துப் பெருக்கினால், பக்கவாட்டில் சூடு கடத்துவதில் அலுமினியம் இருபது மடங்குக்கு மேல் முன்னே நிற்கிறது. 25 செ.மீ. ட்ரவுட் ஒன்று 150 கிராம் வரை எடை வரும். அதைத் தின்று வயிற்றில் சுமந்து கணவாய் ஏறுகிறவர் 60 கிராம் அலுமினியத்துக்கு முதுகு வலிக்கிறது என்பது தர்க்கத்துக்கு ஒவ்வாது.

டைட்டானியம் உறுதியானது, வளையாது என்பார்கள். வளையாமை நற்குணமே, ஆனால் நடுவில் கருகல், ஓரத்தில் பச்சை என்ற நிலையும் வளையாமல் தொடரும். அதன்மேல் ஒட்டாப் பூச்சு பூசி விற்பது பிழையின்மேல் பிழை. டெஃப்லான் வகைப் பூச்சுக்கு 260 டிகிரியைத் தாண்டாத சூடே நல்லது. மெல்லிய தகட்டில் தீக்கு நேர் மேலே உள்ள அந்த ஒரு வட்டம் எளிதாக அதைத் தாண்டும். அலுமினியத்தில் அதே பூச்சு நீடித்து வாழும். பாட்டி காலத்து இரும்புக் கல்லே சிறந்தது என்ற கட்சியும் உண்டு. அதன் சுவைச் சிறப்பை மறுப்பார் இல்லை. ஆனால் 26 செ.மீ. வார்ப்பிரும்புத் தவா இரண்டு கிலோவைத் தாண்டும். அதைச் சுமந்து 3,000 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறவருக்கு மீனைவிட மருத்துவர்தான் முதலில் தேவைப்படுவார்.

தமிழ் வாசகர் எழுப்பப்போகும் தடை எனக்குத் தெரியும்: துண்டு போட்டால் தீர்ந்ததே! வஞ்சிரத்துக்குப் பொருந்தும் விதி இது. கையளவு ட்ரவுட்டைத் துண்டு போட்டால் மிஞ்சுவது முள்ளும் மனவருத்தமும்தான். அன்றியும், துண்டுகள் தவா முழுவதும் பரவும்போது ஓரத்துத் துண்டு ஓரத்துச் சூட்டையே பெறும். சிக்கல் இடம் மாறியதே ஒழியத் தீரவில்லை. மீன் தானே வளைந்துகொள்ளும் என்பது இன்னொரு வாதம். உண்மைதான், பிடித்த சூட்டோடு தவாவில் இட்ட ட்ரவுட், தசை இறுகி வில்லாக வளையும். ஆனால் வளைந்து எங்கே ஒதுங்குகிறது? சூடு மிகக் குறைந்த விளிம்பில்! இருக்கிற பானையில் வேகவைக்கலாமே என்பார்க்கு: 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். மீன் வெந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் தோல் முறுக 140 டிகிரியாவது வேண்டும். வெந்த மீன் பத்தியச் சாப்பாடு. அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

கைப்பிடி பற்றிச் சுருக்கமாக. மடிக்கும் கைப்பிடியுள்ள இலேசான தவா, சிறு அடுப்பின் மூன்று கால்களில் நிற்காமல் கைப்பிடிப் பக்கம் சாயும், எண்ணெயோடு சாயும். கைப்பிடியற்ற தவாவும் ஒரு சிறு இடுக்கியும் போதும். பைக்குள்ளும் தட்டையாக அடங்கும். மீன் வாசனை கரடிக்கு அழைப்பிதழ் என்பதால் தவாவை அன்றைக்கே, நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளிப்போய்க் கழுவிவிட வேண்டும். ஒட்டாப் பூச்சு தன் உண்மையான பயனைக் காட்டுவது இங்கேதான்.

ஆகவே தீர்ப்பு: 20 செ.மீ. விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியம், ஒட்டாப் பூச்சு, தனி இடுக்கி, தணிந்த தீ. கலிபோர்னியாவில் 16 வயது நிரம்பியவர்கள் மீன் பிடிக்க உரிமம் பெற வேண்டும்; தவா வாங்குமுன் அதை வாங்கிக்கொள்க.