26ஆம் பக்கத்துச் சிங்கமே!

ஏலே பேராண்டி, உலகப் பொருளாதாரம் படிக்கப் போறேன்னு செங்கல் கணக்கா ஒரு புத்தகம் வாங்கி வச்சிருக்கியே, தாமஸ் பிக்கெட்டி எழுதுன '21ஆம் நூற்றாண்டில் மூலதனம்'. அலமாரியில லட்சணமாத்தான் இருக்கு. முதுகுல இன்னும் ஒரு மடிப்புகூட விழலையேன்னு நான் கேக்க மாட்டேன். உன்னைய மாதிரி ஆளுக உலகம் பூரா இருக்காக.

2013-ல பிரெஞ்சுல வந்து, மறுவருசம் இங்கிலீசுல சக்கைப்போடு போட்ட புத்தகம் அது. அப்ப ஜோர்டன் எல்லன்பெர்க்னு ஒரு கணக்குப் பேராசிரியர், கிண்டில்ல படிக்கிறவுக எந்தெந்த வரிக்குக் கோடு போட்டிருக்காகன்னு நோண்டிப் பாத்தாரு. சுமார் 700 பக்கத்துல, நெறையப் பேரு கோடு போட்ட வரி ஒண்ணுகூட 26ஆம் பக்கத்தத் தாண்டல. ஏற்றத்தாழ்வப் பத்தின புத்தகத்துலயே முன்பக்கத்துக்கு ஒரு நியாயம், பின்பக்கத்துக்கு ஒரு நியாயம்!

அந்த 26 பக்கத்துலயே விசயம் தெரிஞ்சிருதேங்கியா? ஆமா. நாடு வளர்ற வேகத்த விடச் சொத்து பெருகுற வேகம் கூடிட்டா, உழைக்கிறவனப் பாட்டன் சொத்துக்காரன் முந்திருவான். ஆனா ருசி ஏழாம் அத்தியாயத்துல கெடக்கு. அங்கன பிக்கெட்டி, பால்சாக்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளரோட நாவல எடுத்துச் சொல்லுதாரு. அதுல வர்ற வோத்ரன், ஜெயில்ல இருந்து தப்பி வந்தவன். சட்டம் படிக்க வந்த பையனுக்குப் பாடம் எடுக்கான்: ராப்பகலாப் படிச்சு நீ சம்பாதிக்கிறது, சொத்துக்காரி ஒருத்தியக் கட்டுனா வர்றதுல கால்தூசி பெறாதுலேன்னு. அந்தப் பொண்ணோட அண்ணன் குறுக்க நிக்கானா, தீத்துக்கட்டிருவோம்னும் சொல்லுதான். கதை நடக்குறது 1819, பாரீஸு. காலம் அங்கனயே திரும்பிப் போகுதோன்னுதான் பிக்கெட்டி வரிக்கணக்கு, சொத்துக்கணக்கெல்லாம் அலசுதாரு. நீ பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி படிச்சிரு.

பெறகு ஹா-ஜூன் சாங். தென்கொரியாக்காரரு. இங்கிலாந்தும் அமெரிக்காவும் தன் தொழில் வளர்ற வரைக்கும் இறக்குமதிக்குத் தீட்டித் தீட்டி வரி போட்டுட்டு, இப்ப ஏழை நாட்டப் பாத்து 'கதவத் தொற'ங்குதாகளேன்னு கேப்பாரு. 2008-ல அவரு நாட்டு ராணுவமே அவரோட 'மோசமான சமாரியர்கள்' புத்தகம் முகாமுக்குள்ள வரப்படாதுன்னு தடை போட்டுச்சு. அம்புட்டுத்தான், வெளிய பிச்சுக்கிட்டு வித்துச்சு. உனக்கும் எழுதுற ஆச இருந்தா மொதல்ல ஒரு தளபதியப் பிடி.

இம்புட்டும் பாரமா இருக்கோ? அமர்த்தியா சென் 1981-ல எழுதுன 'வறுமையும் பஞ்சங்களும்' கைக்கடக்கமான புத்தகம். 1943 வங்காளத்துல தானியம் இல்லாமத்தான சனம் செத்துச்சுன்னு நெனச்சிருக்க? பஞ்சமே இல்லாத 1941-ஐ விட அந்த வருசம் தானியம் கூடத்தான் இருந்துச்சுன்னு கணக்குக் காட்டுதாரு. போர்ச்செலவுல வெலை தாறுமாறா ஏறுச்சு. கல்கத்தாவுல ஆலையாளுக்கும் ஆபீசாளுக்கும் மலிவு வெலை அரிசி கெடச்சுச்சு. கிராமத்துல கூலிக்காரன், மீன்பிடிக்கிறவன், சவரத் தொழிலாளி கையில மட்டும் அரிசி வாங்கத் துட்டு இல்ல. சுமார் 30 லட்சம் பேரு போயிட்டாக. அதக் கண்ணால பாத்தப்ப சென்னுக்கு வயசு 9.

செல்போனக் கீழ வச்சிட்டு, இதோட ஆறாம் அத்தியாயத்த மொதல்ல படிலே. நாப்பது பக்கங்கூடத் தேறாது.