தட்டினால் ஆடும் முள்

அக்கரைப்பேட்டையில், கடுவையாற்றங்கரையில் கட்டிக் கிடக்கும் எங்கள் விசைப்படகின் வீல் ரூமுக்குள், நேற்று மாலை மீன் வாங்கிப் போக வந்த ஒரு தூரத்து உறவினர், எஞ்சினைப் பற்றியோ கடலைப் பற்றியோ எள்ளளவும் ஞானம் இல்லாதவர், யாரும் கேளாமலே நடுவிரலை மடக்கி அங்கிருந்த ஹீட் மீட்டரின் முகத்தில் டொக் டொக்கென்று தட்டினார். கண்ணாடி குறுக்கே விரிந்துவிட்டது. விரிந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "முள்ளு லேசா ஆடுச்சே, பாத்தீங்களா மாமா?" என்று என்னையே சாட்சிக்கு அழைத்தார். அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எஞ்சின் கொதித்தாலும் சரி, இரவெல்லாம் ஓடாமல் குளிர்ந்து கிடந்தாலும் சரி, 40 டிகிரியை விட்டு அசைவதில்லை என்று விரதம் பூண்டிருந்த அந்த மீட்டரில் உண்மையில் கோளாறு எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிட்டால், படகு வைத்திருப்பவர்களுக்குப் பெரும் உபகாரமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அதற்கு முன்பாக இந்தத் தட்டுதலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

எங்கள் படகில் கால் வைக்கிறவர் எவராயினும், வலை தைக்க வந்தவரோ, ஐஸ் ஏற்றுகிறவரோ, டீசல் கொண்டுவருகிறவரோ, ஏலம் கூறுகிறவரோ, வீல் ரூமுக்குள் தலையை நீட்டியதும் அவர் கண் போவது அந்த முள்ளின் மேல்தான். கண் போன இடத்துக்கு விரலும் போய்விடுகிறது. டிரைவர் நகத்தின் நுனியால், மரியாதை குறையாமல் தட்டுவார். மெக்கானிக்குக்கு ஸ்பேனரின் பின்பக்கம்தான் விரல். ஐஸ்காரர் ஈரக் கையால் தட்டி, தட்டிய இடத்தைத் தம் துண்டாலேயே துடைத்துவிட்டுப் போகிற உத்தமர். என் மைத்துனரோ, பங்குதாரர் என்ற அதிகாரத்தில், உள்ளங்கையை விரித்து டாஷ்போர்டு முழுவதையும் சேர்த்து ஓர் அறை அறைவார்; அந்த அறையில் ஆயில் பிரஷர் முள், ஆம்பியர் முள், டீசல் முள் ஆகிய நிரபராதிகள் எல்லாம் நடுங்க, குற்றவாளி மட்டும் 40-இல் நிச்சலனமாக வீற்றிருக்கும். நானும் தட்டுகிறவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படகில் வேறு யாரும் இல்லாத சமயம் பார்த்துத் தட்டுவேன். படித்தவன் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறதே!

தட்டியதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. தட்டியபின் ஒரு மௌனம் உண்டு. கழுத்தை வலப்புறம் சாய்த்து ஒரு பார்வை, இடப்புறம் சாய்த்து ஒரு பார்வை. பார்க்கிறவன் தலை நகர்ந்தால் கண்ணாடிக்குப் பின்னால் முள்ளும் நகர்ந்ததாகத் தோன்றத்தானே செய்யும்! அந்தத் தோற்றத்தைப் பிரத்தியட்சப் பிரமாணமாகக் கொண்டு "ஏறுது, ஏறுது" என்று ஒருவர் சொல்ல, "எறங்குதுண்ணே" என்று மற்றொருவர் மறுக்க, இருவரும் தத்தம் கட்சியை ஸ்தாபிக்கும் பொருட்டு மறுபடியும் தட்ட, இப்படியாக ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைச் சுற்றி ஒரு தர்க்க சபை கூடிவிடுகிறது. அத்தனை பேரிலும் மீட்டரைக் கழற்றி அதன் முதுகைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

தட்டுதலுக்குப் பூர்வோத்தரம் இல்லாமல் இல்லை. பிரான்ஸ் தேசத்து லூசியன் விடி என்பவர் 1844-இல் பாதரசம் இல்லாத காற்றழுத்தமானியைச் செய்தபோது, அதன் உள்ளே இருந்த நெம்புகளும் சங்கிலியும் சிறிது உராய்ந்து முள்ளைப் பிடித்துக்கொள்ளும் சுபாவம் உடையனவாக இருந்தன; விரலால் மெல்லத் தட்டினால் அந்தப் பிடி விட்டு, முள் தனக்குரிய இடத்தில் போய் நிற்கும். ஆகவே காலையில் எழுந்ததும் அதைத் தட்டிப் பார்ப்பது ஆங்கிலேயர் பலரது வீடுகளில் நித்திய கர்மமாயிற்று. 1849-இல் யூஜீன் போர்டன் வளைந்த உலோகக் குழாயை வைத்து அமைத்த மானிகளுக்கும் இந்த நியாயம் ஒருவாறு பொருந்தும். எங்கள் மீட்டரோ மின்சாரத்தில் ஓடுவது. அதற்குச் சூட்டைச் சொல்லும் சென்சார் கீழே, எஞ்சின் ஹெட்டில், தண்ணீர் ஓடுகிற இடத்தில் திருகப்பட்டிருக்கிறது. மேலே தட்டினால் கீழே இருப்பதற்கு எப்படி உறைக்கும்?

அந்தச் சென்சாரிலிருந்து ஒரே ஒரு வயர்தான் மேலே வருகிறது. எஞ்சினின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பதே அதற்கு எர்த். வயரைக் கழற்றினால் முள் குளிர்ப்பக்கத்துக் கடைசிக்குப் போக வேண்டும்; கழற்றிய நுனியை எஞ்சின்மேல் ஒரு கணம் தொட்டால் சூட்டுப்பக்கத்துக் கடைசிக்கு ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரிலும் வயரிலும் பிழை இல்லை, சென்சாரைத்தான் விசாரிக்க வேண்டும். ஒரு டீ ஆறுகிற நேரத்தில் முடிகிற சோதனை. ஆனால் அதற்கு எஞ்சின் ரூமுக்குள் குனிந்து இறங்கி, டீசல் வாடையில், சூடான குழாய்களுக்கு நடுவே கையை விட வேண்டும். மேலே நின்றபடி தட்டுவதில் இந்தப் பிரயாசை எதுவும் இல்லை. உண்மையான காரணம் இதுவே என்று நான் சொன்னால், நம்மவர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள்.

சென்சாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, நூலில் கட்டி, கொதிக்கும் நீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரை மாட்டிப் பார்த்தேன். நல்ல சென்சாராயின், குளிர்ந்திருக்கும்போது பல நூறு ஓம் காட்டும் மின்தடை, நீர் கொதிக்கும் நிலையில் சில பத்து ஓம்களுக்கு இறங்கிவிட வேண்டும். சூடு ஏற ஏறத் தடை குறைந்துகொண்டே போகும் இந்தக் குணத்தை நான் முதலில் என் மைத்துனரிடம்தான் கண்டேன். ஆகையால் சாஸ்திரம் விளங்குவதில் சிரமம் இருக்கவில்லை. மல்டிமீட்டரின் எண்கள் இறங்கத் தொடங்கிய தருணத்தில், "பால் காய்ச்சுற பாத்திரத்துலயா இந்தக் கருமத்தப் போட்டிருக்கீங்க?" என்று சமையலறை வாசலில் குரல் கேட்டது. ஆராய்ச்சி அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது. எண் எதில் போய் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கிடையில் டிரைவரின் தீர்ப்பு மாறவே இல்லை: "எஞ்சின் நல்லாத்தாண்ணே இருக்கு, மீட்டர்தான் பொய் சொல்லுது." படகின் பக்கவாட்டில் கடல்நீர் கொட்டும் குழாயைக் காட்டுவார், அது கொட்டுகிறவரை எஞ்சினுக்கு ஆபத்தில்லை என்பது அவர் சித்தாந்தம். பாசியோ பாலித்தீன் பையோ உறிஞ்சுவாயை அடைத்ததா, பம்பின் ரப்பர் இம்பெல்லர் கிழிந்ததா என்பதை அறிய அது நல்ல சோதனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் நன்னீர் எங்கேனும் ஒழுகி வற்றிக்கொண்டிருந்தால், கடல்நீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதைவிட விபரீதம், தண்ணீர் வற்றிச் சென்சாரின் முனை வெற்றிடத்தில் நிற்கத் தொடங்கினால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் குளிர்ப்பக்கம் இறங்கிவிடக்கூடும். 1742-இல் செல்சியஸ் தம் அளவையை முதன்முதலில் வகுத்தபோது, நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும் உறையும் நிலைக்கு 100 என்றும் வைத்தார். அவர் காலமான பிறகுதான் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். எஞ்சின் சீஸ் ஆகும் வேளையில் சில மீட்டர்கள் அந்தப் பழைய முறையைத்தான் அனுசரிக்கின்றன. "பாத்தீங்களா, கூலாயிருச்சு" என்று அப்போது சந்தோஷப்படுவதற்கும் நம்மிடம் ஆள் உண்டு.

டவுனில் சென்சார் வாங்கப் போன கதை வேறு. எங்கள் மீட்டருக்குப் பொருந்தும் சென்சார்தானா என்று கேட்டதற்கு, கடைக்காரர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாம் ஒண்ணுதான் சார், மரை சேர்ந்தாப் போதும்" என்றார். மரை சேரும், கணக்கு சேராது. ஒரு மீட்டருக்கென்று செய்த சென்சாரை வேறொரு மீட்டரோடு இணைத்தால் முள் ஆடும், ஏறும், இறங்கும், எல்லாம் செய்யும். சொல்வது மட்டும் உண்மையாக இராது. போதாக்குறைக்கு, தண்ணீர் கசியாமலிருக்க மெக்கானிக் மரையின் மேல் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி முறுக்குவார். எர்த் கிடைக்க வேண்டிய இரும்புக்கு நடுவே இத்தனை டேப் எதற்கு என்று கேட்டால், "லீக் ஆனா நீங்கதானே திட்டுவீங்க?" என்பார். அதற்கும் பதில் இல்லை.

இவையெல்லாம் பார்ப்பதற்கென்றே அவகாசம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; படகு கரையேறிக் கிடக்கும். இந்த வருஷம் அந்த அவகாசத்தில் படகுக்கு நீலமும் மஞ்சளும் பூசினோம். முன்பக்கத்தில் இருந்த பெயரை அழித்து, அதே பெயரைப் பூ வேலைப்பாட்டுடன் பெரிதாக எழுதினோம். வீல் ரூமுக்குச் சீரியல் லைட் போட்டோம். 40-இல் நிற்கும் முள்ளைப் பற்றி நான் எடுத்தபோதெல்லாம், "அது கெடக்கட்டும் மச்சான், கடல்ல எறங்குன பெறகு பாத்துக்கலாம்" என்றார் மைத்துனர். பெயின்டுக்கு மட்டும் எவ்வளவு ஆயிற்று என்று நான் எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். தாராளமாகக் கோபித்துக்கொள்ளட்டும், கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.