கூடைப்பந்துத் திணையியல்

வெட்சி முதலா வாகை ஈறா
எட்டுத் திணையும் பந்திற்கு உரிய.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், மகளிர் கூடைப்பந்தில் அணியும் ஆட்டக்காரியும் செய்யும் வினைகளைப் பகுத்துக் காட்டுதல் நுதலிற்று. போரை வகைப்படுத்திய பழம்புலவர்கள் வளையத்தையும் வலையையும் கண்டதில்லையே என்று சிலர் ஆட்சேபிப்பர். காணாவிட்டால் என்ன? நிரை கவர்தல், மீட்டல், மேற்செல்லல், எதிரூன்றல், மதில் வளைத்தல், மதில் காத்தல், பொருதல், வெல்லல் என்று அவர்கள் வைத்த வரிசை 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள்ளும் நொச்சியை உழிஞைக்குள்ளும் அடக்கி ஏழோடு நிறுத்தினார். புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாக்கியது. நாம் இடையில் நின்று எட்டு என்கிறோம். இரு தரப்பாரின் ஏச்சும் நமக்கே வரும், வரட்டும்.

இலக்கியம் இன்றி இலக்கணம் இல்லை. இங்கே எடுத்துக்கொண்ட இலக்கியம் 2024 ஆகஸ்ட் 11 அன்று பாரிஸின் பெர்சி அரங்கில் நடந்த ஒலிம்பிக் இறுதியாட்டம்: அமெரிக்கா 67, பிரான்ஸ் 66. அந்த ஒலிம்பிக்கின் கடைசிப் பதக்கம் இந்த ஆட்டத்தில்தான் தீர்மானமானது. 1992-இல் பார்சிலோனா அரையிறுதியில், சோவியத் சிதறிய பின் ஒன்றாக ஆட வந்த ஒருங்கிணைந்த அணியிடம் 79–73 என்று தோற்ற அமெரிக்கப் பெண்கள், அதன் பிறகு ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்றதில்லை. 2012 லண்டன் இறுதியில் இதே பிரான்ஸை 86–50 என்று அடித்து அனுப்பியவர்கள் அவர்கள். எனவே பாரிஸிலும் வாகைப் படலம் மட்டும் எழுதினால் போதும் என்று பலர் எண்ணியிருந்தனர்.

வெட்சியாவது ஸ்டீல். எதிரியின் கையில் இருக்கும் பந்தைப் பறித்து ஓடுவது. பறித்த நிரையைப் பங்கிடும் துறைக்குப் பாதீடு என்று பெயர். இன்றைய அட்டவணையில் அது அசிஸ்ட் என்ற தலைப்பில் வருகிறது. இதில் சிக்கல் இல்லை. சிக்கல் கரந்தையில்தான். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து மேலே போகிறது. அந்த நொடியில் அது யாருடைய நிரை? தற்காத்தவர் பிடித்தால் மீட்சி, ஆகவே கரந்தை. எறிந்த அணியே மறுபடி பிடித்தால்? தன் மாட்டைத் தானே கவர்தல் வெட்சியாகுமா என்று உரையாசிரியர்களான இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஓர் இரவு முழுக்க வழக்காடியிருப்பர். நாம் இரண்டையும் ரீபவுண்ட் என்று ஒரே தொழுவத்தில் கட்டிவிட்டு நகர்கிறோம். அன்று அமெரிக்காவின் ஏஜா வில்சன் கட்டியவை 13.

வஞ்சி, படை திரட்டி மேற்செல்லல். இடைவேளையில் 25–25. இருபது நிமிடங்களில் இரு பெரிய அணிகள் எடுத்த புள்ளிகள் இவ்வளவே! பார்க்க அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். இரு தரப்பும் பந்தைத் தவறவிட்டன, எறிந்தது உள்ளே போகவில்லை. பிறகு மூன்றாம் கால்பகுதி தொடங்கியதும் பிரான்ஸ் தொடர்ந்து 10 புள்ளிகள் எடுத்து 35–25 என்று முன்னேறியது. இலக்கணம் தவறாத வஞ்சி. அரங்கில் இருந்தவர்களின் பாடாண் என்னும் புகழ்ப்பாட்டும் உச்சத்துக்கு ஏறியது.

உடனே காஞ்சி. எதிரூன்றிப் போரிடல் காஞ்சி என்பது வெண்பாமாலையின் கட்சி. நிலையாமை கூறல் என்பது தொல்காப்பியர் கட்சி. இந்த ஆட்டத்தில் இரண்டு கட்சியும் வென்றன. அமெரிக்கா ஊன்றி நின்றது, பிரான்ஸின் 10 புள்ளி முன்னிலை அந்தக் கால்பகுதி முடிவதற்குள் நிலையாமை எய்தியது. நிலையாமைக்கு இன்னொரு சான்று அமெரிக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. 2004 முதல் எல்லா ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய டயானா டராசி, 42 வயதில் ஆறாவது தங்கத்தை அன்று பெற்றார். கூடைப்பந்தில் ஆண் பெண் யாருக்கும் அதுவரை கிட்டாத எண்ணிக்கை அது. ஆனால் இறுதியாட்டத்தில் ஒரு நிமிடம்கூட அவர் களத்தில் இறக்கப்படவில்லை.

உழிஞையும் நொச்சியும் ஓராட்டத்தின் உயிர். வளையத்தின் கீழுள்ள பகுதி மதில். உள்ளே புகுவது உழிஞை, புகவிடாதது நொச்சி. இங்கேதான் கணக்குப்பிள்ளைகளின் அட்டவணையோடு நமக்குச் சண்டை. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் திறன் கணக்கு இப்படிப் போகிறது: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றையும் கூட்டு, தவறிய எறிகளையும் தொலைத்த பந்துகளையும் கழி. ஒரு பிளாக்கும் ஒரு புள்ளியும் இதில் சம எடை. வில்சன் அன்று செய்த பிளாக் நான்கு, அதற்கு நான்கே மதிப்பெண். அவர் நிற்பதைப் பார்த்து உள்ளே புகாமல் திரும்பியவர்கள், கையை உயர்த்தி எறிந்ததால் குறி தப்பியவர்கள் எத்தனை பேர்? அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. மதில்மேல் நின்றவனைப் பார்த்துத் திரும்பிப் போன யானையையும் பாடிய மரபு நம்முடையது. நாமாவது கணக்கில் சேர்ப்போம்.

நொச்சி பற்றி இன்னொன்று. சோழன் சோழனை முற்றுகையிட்டபோது, இரு பக்கமும் ஆத்தி மாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று கோவூர் கிழார் இடித்துரைத்தார். பாரிஸிலும் அதே கதை. பிரான்ஸின் சிறந்த ஆட்டக்காரி கேபி வில்லியம்ஸ் பிறந்தது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தாய் பிரெஞ்சுக்காரர். படித்ததும் ஆடியதும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில். எதிரே நின்ற பிரியானா ஸ்டூவர்ட்டும் நபீசா காலியரும் அதே பல்கலைக்கழகச் சட்டையில் அவருடன் ஆடியவர்கள். இடித்துரைக்கப் புலவர் யாரும் வரவில்லை, டைம் அவுட் கேட்கப் பயிற்சியாளர்கள் மட்டும் இருந்தனர்.

எட்டுத் திணைக்கும் வெளியே ஒன்று மிச்சமிருக்கிறது: ஃப்ரீ த்ரோ. எதிரிகள் கைகட்டி வரிசையில் நிற்க, தடுப்பார் யாருமின்றி 4.6 மீட்டரிலிருந்து நிதானமாக எறிந்து புள்ளி எடுப்பது. இப்படியொரு போர் எந்தப் புறப்பாட்டிலும் இல்லை. வேறு வழியின்றி, எதிலும் அடங்காதவற்றுக்கான பொதுவியலில் போட்டோம். அவமரியாதையாகக் கொள்ள வேண்டாம். அமெரிக்கா கடைசியாக எடுத்த இரண்டு புள்ளிகள் இந்தத் திணையில்லாத் திணையில் வந்தவை. கலியா காப்பர் இரண்டையும் உள்ளே போட 67–64 ஆனது. அவருக்கும் கெல்சி ப்ளம்முக்கும் ஆளுக்கு 12 புள்ளிகள்.

தும்பையில் எருமை மறம் என்றொரு துறை உண்டு. தன் படை சாய்ந்த பின்னும் ஒருவன் தனித்து நின்று பொருவது. அதற்குரியவர் வில்லியம்ஸ். காப்பர் எறிவதற்குச் சற்று முன், கடைசி விநாடிகளில் ஒரு த்ரீ பாயிண்டர் போட்டு வித்தியாசத்தை ஒன்றாக்கியவர் அவர். காப்பரின் ஃப்ரீ த்ரோக்களுக்குப் பிறகு மிச்சமிருந்த நாலே விநாடியில் பந்தை வாங்கி ஓடிவந்து எறிந்தார். மணி ஒலிக்கப் பந்து பலகையில் பட்டு உள்ளே இறங்கியது. மூன்று என்றால் 67–67, கூடுதல் ஆட்டம்.

த்ரீ பாயிண்ட் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, அகலம் 5 சென்டிமீட்டர். கோட்டில் கால் பட்டால் இரண்டு புள்ளி என்பது விதி, வில்லியம்ஸின் காலும் பட்டிருந்தது. நடுவர் தீர்ப்பு சரி. அமெரிக்காவுக்குத் தொடர்ச்சியாக 61-வது வெற்றி, தொடர்ச்சியாக எட்டாவது தங்கம். வாகைத் திணை இவ்வாறு ஒரு பாத நுனியால் முடிந்தது.

இறுதியாட்டத்தில் வில்லியம்ஸ் 19 புள்ளிகள், வில்சன் 21. தொடரின் சிறந்த ஆட்டக்காரி விருது வில்சனுக்குப் போனது. கடைசி எறியை மட்டும் பார்த்துவிட்டு இதை மறுப்போர் உண்டு. இந்நூல் மறுக்கவில்லை: ஒரே புள்ளியில் முடிந்த ஆட்டத்தில், மதில்மேல் நின்று நான்கு எறிகளைத் தட்டிவிட்டவருக்கே அது உரியது.